ஏட்டையா போட்ட மெட்டி

சாரல் தொடங்கிய வாரத்தில் சுபா எனக்குக் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடி சாக்ஸ். கணுக்கால் பக்கம் சின்னதாக ஒரு பை, பைக்குள் பேட்டரி, அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு. பொத்தானை அழுத்தினால் சாக்ஸ் சூடாகுமாம். நான் வேலை பார்த்த வார்டில் இப்போது சுபாதான் நர்ஸ். படத்துக்குக் கீழே அவள் குரல்: "அக்கா, ஜன்னலோரம் படுத்திருக்க அண்ணாச்சிக்கு அவிய மருமவன் ஆன்லைன்ல வாங்கிட்டு வந்திருக்காவ. காலு ஐஸா இருக்கு, மாட்டி விடட்டுமான்னு கேக்காவ. மாட்டலாமா?"

"மருமகனை மாட்டிக்கொள்ளச் சொல். அண்ணாச்சிக்கு வேண்டாம்" என்று பதில் போட்டேன்.

"ஏன்க்கா?" என்று உடனே வந்தது. ஏன் என்று அவளுக்கும் தெரியும். படித்த பிள்ளை. மருமகனை அடக்க என் பெயரில் நாலு வரி வேண்டும், அவ்வளவுதான். தட்டத் தொடங்கினேன். என் கட்டைவிரலுக்கும் கைப்பேசிக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. நான் ஒன்று தட்டினால் அது ஒன்று எழுதும். பாதியில் தூக்கிப் போட்டுவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். நாலு வரி இப்போது இவ்வளவு நீளமாகிவிட்டது. ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் இப்படித்தான் ஆகும்.

தென்காசியில் குளிரா என்று மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனி, ஆடியில் வந்து பார்க்க வேண்டும். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று கிளம்பும். வெயிலென்றும் சொல்ல முடியாது, மழையென்றும் சொல்ல முடியாது, நாள் முழுக்க ஒரு தூறல், அதுதான் சாரல். கொடியில் போட்ட துணி காயவே காயாது. ஊர் உலகமெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்கு நனைய வருகிற அதே நாட்களில், குற்றாலம் போகிற ரோட்டோரம் இருந்த எங்கள் மையத்தில் நாங்கள் கால்களைக் காயவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்போம். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவர்களுக்கான மறுவாழ்வு மையம் அது. தென்னையிலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், பைக்கில் பறந்து விழுந்தவர்கள் என்று எல்லா வகையும் வருவார்கள்.

அவர்கள் கால் ஏன் குளிர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நடக்கிறவர்களுக்குக் கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் இரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. நடக்காத காலில் அந்த வேலை நின்றுபோகும். இரத்தம் கீழே தேங்கி, சாயங்காலமானால் பாதம் வீங்கும். குளிர் சூட்டுக்குத் தகுந்தபடி இரத்தக் குழாய் சுருங்கி விரிய மேலிருந்து வரவேண்டிய உத்தரவும் ஒழுங்காகப் போய்ச் சேராது. அதனால் பாதம் சில்லிட்டுப் போகும். வீட்டார் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைப்பார்கள். உண்மையான ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சுடுகிறது என்று சொல்ல அந்தக் காலுக்கு வாய் கிடையாது. போர்வையை விலக்கும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். நமக்குச் சீக்கிரம் ஆறிப்போகிற கொப்புளம் அவர்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை சக்கர நாற்காலியும் கிடையாது, வெளியுலகமும் கிடையாது, குப்புறப் படுக்க வேண்டியதுதான்.

நான் நர்சிங் படித்தது திருநெல்வேலியில். ஊசி போடவும், கட்டுக் கட்டவும், டாக்டர் வந்தால் எழுந்து நிற்கவும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். காலைப் பற்றிப் பேச்சே இல்லை. காலைப் பற்றி மட்டுமே பேசுகிற ஒருவரிடம் பிறகு வேலைக்குச் சேர்ந்தேன்.

அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பிறந்தது கேரளத்துப் புனலூர், குடியிருந்தது செங்கோட்டை. அவர் பேசும் தமிழ் இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். காலையில் வார்டுக்குள் வந்தால் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போவார். போர்வையை மடக்கி, புறங்கையை முழங்காலில் வைப்பார். அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்குவார். முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், பாதம், ஒவ்வொரு விரல். சூடு எந்த இடத்தில் முடிந்து குளிர் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறாராம். விரல் இடுக்கில் ஈரம் இருந்தால் துடைப்பார். சாக்ஸைத் தையல் வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுவார், ஏனென்றால் தையல் அழுத்தினாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் தலைமாட்டுக்கு வந்து, "எந்தா, சுகமா?" என்று கேட்பார். அதற்கு வருகிற பதிலை அவர் காதில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. கால் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கும்.

கால் குளிர்ந்தால் தலையை மூடு என்பது அவருடைய கட்டளை. வார்டில் எல்லோருக்கும் குல்லாய், ஸ்வெட்டர். உடம்பு சூடாக இருந்தால்தான் காலுக்கு மிச்சம் வருமாம். மேற்குப் பக்க ஜன்னல் ஆவணி வரைக்கும் திறக்கப்படாது. கால் கழுவ வைத்த வெதுவெதுப்பான தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாதத்தில் விடவேண்டும். காலையும் மாலையும் கணுக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் கொடுக்க வேண்டும். வெந்நீர்ப் பையோடு யாராவது வார்டுக்குள் நுழைந்தால், அதைப் பறித்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கு நல்ல இடுப்பு வேதனை, தந்ததுக்கு சந்தோசம்" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். வந்தவர் வெறுங்கையோடு நிற்பார்.

அப்படியும் ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அச்சன்புதூர்க்காரர் ஒருவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, சொந்தத் தோப்பில் மாமரத்திலிருந்து விழுந்தவர். "பனிமலையில காவல் நின்னவன் நான். இந்தச் சாரல் என்ன செஞ்சிரும்?" என்று மீசையை முறுக்குவார். தினமும் செய்தி பார்க்கிறேன் என்று கூடத்துக்கு நாற்காலியை உருட்டிக்கொண்டு போவார். ஒருநாள் பெரிய சிஸ்டர் அவர் பாதத்தைத் தொட்டுவிட்டு, "மிலிட்டரி, இன்னைக்கு காலு மட்டும் எந்தா இத்ர சந்தோசமா இருக்கு?" என்று கேட்டார். பார்த்தால், தரையில் இருந்த டிவி ஸ்டெபிலைசர் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு செய்தி பார்த்திருக்கிறார். கொப்புளம் வராமல் தப்பியது அவருடைய நல்ல காலம். ஸ்டெபிலைசர் மறுநாளே ஆள் உயர அலமாரி மேல் ஏறியது. மிலிட்டரி அசரவில்லை. வார்டைச் சுற்றி வந்த பூனைக்குப் பாலூற்றிப் பழக்கி, காலடியில் படுக்க வைத்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் பூனையைத் தூக்கி அதன் பாதத்தை அமுக்கிப் பார்த்தார். "நகம் உண்டு. டியூட்டிக்கு ஆகாது" என்று வெளியே விட்டுவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. உலகம்மாள் கதையிலும் சிரிப்பு உண்டு, ஆனால் அதில் ஒரு விரலே போகப் பார்த்தது.

உலகம்மாள் வாசுதேவநல்லூர்க்காரி. நாற்பதுக்கு இந்தப் பக்கம். அவளுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டவள், பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து பரப்பிக்கொண்டு வந்து, கைப்பிடிச் சுவர் கட்டாமல் விட்டிருந்த பக்கம் விழுந்துவிட்டாள். திருநெல்வேலியில் ஆபரேசன் முடிந்து எங்களிடம் வந்தபோது ஒரு சாரல் பருவம் தொடங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழே போன பலமெல்லாம் வாய்க்கு வந்து சேர்ந்திருந்தது. வந்த மறுநாளே வார்டு ரசத்துக்குப் புளி போதாது என்று சமையல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னவள் அவள்.

அவள் கணவர் சங்கரபாண்டி போலீஸில் தலைமைக் காவலர். எங்கள் பக்கம் அந்தப் பதவிக்கு ஏட்டையா என்று பெயர். சீசனுக்குக் குற்றாலம் பேரருவியில் பந்தோபஸ்து போட்டிருந்தார்கள். தண்ணீர் கூடினால் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்ற வேண்டும், குறைந்தால் வரிசையில் விட வேண்டும். டியூட்டி முடிந்ததும் நனைந்த உடுப்போடு நேராக வார்டுக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். கட்டிலோரம் உட்கார்ந்து மனைவியின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பெரிய சிஸ்டரின் சட்டங்களை எல்லாம் அவரிடம் ஒப்பித்திருந்தேன். வெந்நீர்ப் பை கூடாது, ஒத்தடம் கூடாது, சூடுபண்ணிய செங்கல் கூடாது. மனிதர் சட்டத்தை மீறாதவர். சூடு பண்ணாமல் சூடேற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு நாள் சாயங்காலம், தன்னுடைய உடுப்பு சாக்ஸ், முழங்கால் வரை ஏறுகிற நைலான் சாக்ஸ், அதைக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாக அவளுக்கு மாட்டிவிட்டுப் போய்விட்டார். மேல் விளிம்பில் ரப்பர் இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ். பரேடில் கீழே இறங்காமல் நிற்பதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

மறுநாள் காலை பெரிய சிஸ்டரின் புறங்கை உலகம்மாளின் முழங்காலில் இறங்கியது. சாக்ஸைக் கண்டதும் அவர் முகம் மாறியது. ஒவ்வொன்றாகச் சுருட்டி எடுத்தார். கெண்டைக்காலைச் சுற்றிக் கயிறு கட்டிய மாதிரி தடம். அதற்குக் கீழே கால் உப்பியிருந்தது. பாதத்தைத் தொட்டார், விரல்களைத் தொட்டார், இடது காலின் இரண்டாவது விரலில் கை நின்றுவிட்டது.

"இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். "எல்லா விரலும் ஒண்ணு போல தணுத்தா அது சாரல். ஒரு விரல் மட்டும் தணுத்தா அது வேற கேஸ்." குளிரை அவர் தணுப்பு என்பார்.

அந்த விரல் மட்டும் நாவல் பழ நிறத்தில் இருந்தது. அதன் அடியில், சதைக்குள் புதைந்து, மூன்று சுற்று வெள்ளி மெட்டி. வந்த அன்றே அதைக் கழற்றச் சொல்லியிருந்தோம். கழற்ற மாட்டேன் என்று உலகம்மாள் ஒரே பிடி. அப்போது அது விரலில் தாராளமாகச் சுற்றியதால், காலையும் மாலையும் சுற்றிப் பார்த்துக்கொள்வது என்று சமாதானமானோம். சாக்ஸ் ஏறிய ராத்திரிக்குப் பிறகு அது அசையவில்லை. வேறு யாராக இருந்தாலும் வலியில் வார்டையே எழுப்பியிருப்பார்கள். உலகம்மாள் தெம்பாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்தார். மத்தியானத்துக்குள் மெட்டி வெளியே வரவேண்டும், தள்ளிப்போட்டால் விரல் செத்துவிடும், அங்கிருந்து மேலே ஏறினால் பாதத்துக்கே ஆபத்து என்றார். நான் உலகம்மாளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஊசி போடுங்க, கத்தி வைங்க, எது வேணா செய்யுங்க சிஸ்டர். மெட்டியில மட்டும் கை வைக்காதிய."

"விரல் போயிரும் உலகம்மா."

"விரல் இருந்து இப்ப என்ன, பரதநாட்டியமா ஆடுதேன்? போனாப் போவுது."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். விரலோடு நிற்காது, அழுகும், காய்ச்சல் வரும், காலையே எடுக்க வேண்டி வரும், உயிருக்கே வினையாகும் என்று சத்தம் போட்டேன். அவள் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். பெரிய சிஸ்டர் சத்தமே போடவில்லை. காலுக்கு அடியில் தலையணைகளை அடுக்கி உயர்த்தி வைத்தார். "மோளே, நீ சம்மதிக்காம நான் தொடாது. காலு கொஞ்சம் உயரத்துல இருக்கட்டும், அது மதி, போதும்" என்று சொல்லிவிட்டு, ஏட்டையாவுக்குத் தகவல் சொல்லப் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் உலகம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு வாயும் எங்கே போனதென்று தெரியவில்லை. "சிஸ்டர், ஆபரேசன் முடிஞ்சு நான் கண்ண மூடிப் படுத்திருந்தேன். தூங்குதேன்னு நெனச்சு அவிய சித்தி பேசுனாவ. ஒத்தப் பொட்டப்பிள்ளைய வச்சிக்கிட்டு ஆம்பள எத்தன நாளைக்கு ஒத்தையில இருப்பான், அவனுக்கு ஒரு ஏற்பாடு பண்ணணும்னு சொன்னாவ. ஆபரேசனுக்குக் கழட்டுன தாலி இன்னும் எங்க வீட்டு பீரோவுலதான் கெடக்கு. மிச்சம் இந்த ரெண்டு மெட்டிதான். இதையும் கழட்டிட்டா நான் அவியளுக்கு யாரு?"

கணவன் வருவது குறைந்து, பிறகு நின்றேபோன பெண்களை அந்த வார்டில் பார்த்திருக்கிறேன். அப்படி நடக்காது என்று வாய்கூசாமல் சொல்ல எனக்கு வரவில்லை. என் கோபமெல்லாம் இறங்கி, அந்தச் சித்தி கையில் கிடைத்தால் தேவலை என்று இருந்தது.

ஏட்டையா அருவியிலிருந்து அப்படியே வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பூட்ஸ் ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்றது. பெரிய சிஸ்டர் சாக்ஸைக் காட்டினார், தடத்தைக் காட்டினார், விரலைக் காட்டினார்.

"நான் போட்ட சாக்ஸா?" என்றார்.

"நீங்க சொன்னாலும் கழட்டமாட்டேன்" என்றாள் உலகம்மாள், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"ஏட்டி, ஏன்?" என்றார் அவர்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். சொல்லலாமா கூடாதா என்று யோசிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. "உங்க சித்தி ஆஸ்பத்திரியில் பேசினதை அவள் கேட்டிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டேன்.

ஏட்டையாவின் காது சிவந்தது. "அதுக்கு நான் அன்னைக்கே பதில் சொல்லிட்டேன்லா!"

உலகம்மாள் தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. "என்ன சொன்னிய?"

"அத இங்கன வச்சு சொல்ல முடியாது. பொம்பளைய இருக்காவ. அன்னையில இருந்து சித்தி நம்ம வீட்டுப் பக்கம் வந்துருக்காளா, பாரு."

வந்ததில்லை போலிருக்கிறது. உலகம்மாள் யோசித்தாள். அப்படியும் போர்வையை விடவில்லை. அப்போது ஏட்டையா தரையில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நனைந்த பூட்ஸை இழுத்து வைத்து, சாக்ஸை உரித்தார். நாள் முழுக்க அருவித் தண்ணீரில் ஊறிய போலீஸ் சாக்ஸ். பக்கத்துக் கட்டில்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவர் பாதம் வெளுத்து, சுருங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம கல்யாணத்துல எனக்கும் ரெண்டு காலுலயும் மிஞ்சி போட்டாவல்லா? பூட்சுக்குள்ள குத்துதுன்னு நான் பத்து நாள்ல கழட்டிட்டேன். நீ ஏன்னு கேட்டியா? கேக்கல. இப்ப உன் மெட்டிய என் காலுல போட்டுக்கிடுதேன். அது நம்ம ரெண்டு பேரு காலுல ஒருத்தர் காலுல கெடந்தாப் போதும். நீ விரல விடு."

உலகம்மாள் சொன்னாள்: "நீங்க அன்னைக்குக் கழட்டுனியளா, அதாம் நான் மாடியில இருந்து விழுந்துருக்கேன்."

ஏட்டையாவுக்கு முகம் செத்துப்போனது. உலகம்மாளுக்கே அது தாங்கவில்லை போல, பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள், நான் சிரித்தேன், பெரிய சிஸ்டர் திரும்பி நின்று தோள் குலுங்கினார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிபந்தனை போட்டாள். "சரி, கழட்டுங்க. ஆனா கீழ வைக்கப்படாது, டப்பாவுல போடப்படாது. என் விரல்ல இருந்து நேரா அவிய விரலுக்குப் போகணும்."

பெரிய சிஸ்டர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். உயர்த்தி வைத்ததில் வீக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. விரலில் தேங்காய் எண்ணெய் தடவினார். கெட்டியான தையல் நூலை எடுத்து, அதன் நுனியை வளைந்த இடுக்கியால் மெட்டிக்கு அடியில் நுழைத்து, பாதத்தின் பக்கம் இழுத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். மீதி நூலை மெட்டியை ஒட்டினாற்போலத் தொடங்கி, விரல் நுனி வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போனார். உப்பிய சதை நூலுக்குள் அடங்கி விரல் மெலிந்தது. பிறகு என் கையிலிருந்த நுனியை வாங்கி, விரல் நுனிப் பக்கமாக இழுத்து, சுற்று சுற்றாக அவிழ்த்தார். ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் மெட்டி மயிரிழை அளவுக்கு முன்னால் வந்தது. மூட்டு எலும்பில் வந்து நின்றது. அங்கே அவசரப்பட்டு இழுத்தால் தோல் கிழிந்துவிடும், கிழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. பெரிய சிஸ்டர் மூக்கு நுனியில் வியர்வை அரும்பியது. இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி முதலிலிருந்து சுற்றினார். மெட்டி மூட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

விரலில் மெட்டி இருந்த இடத்தில் தோல் வெள்ளையாகப் புண்ணாகியிருந்தது. நாங்கள் எல்லோரும் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாவல் பழ நிறம் மெதுவாகக் கரைந்து, ஓரத்தில் ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது. "வந்துது" என்றார் பெரிய சிஸ்டர். வலது கால் மெட்டி சுலபமாக வந்துவிட்டது. இரண்டையும் ஏட்டையாவுக்குப் போடும் வேலை என்னிடம் வந்தது. அவருடைய இரண்டாவது விரலுக்கு அது நுழையவே இல்லை, சுண்டுவிரலில்தான் ஏறியது. உலகம்மாள் தலையணையிலிருந்து எட்டிப் பார்த்து, "லட்சணமாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தாள். அவர் அதன்மேல் பூட்ஸை மாட்டிக்கொண்டு மறுபடி அருவிக்குப் போனார். மறுநாள் சாயங்காலம் பீரோவிலிருந்து தாலியும் வந்து சேர்ந்தது.

புண் ஆற நாளெடுத்தது. தளர்ந்த பருத்தி சாக்ஸ், அதன்மேல் கம்பளி சாக்ஸ், இரண்டும் தையல் வெளியே தெரியும்படி. போர்வையின் எடை விரலில் விழாதபடி கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டி. தலைக்குக் குல்லாய். விரல் பிழைத்தது. அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த அன்றைக்கு நேராகச் சமையலறைக்கு உருட்டிக்கொண்டு போய், ரசத்தை ருசி பார்த்துவிட்டு வந்தாள்.

ஏட்டையாவின் மெட்டி ஊருக்குத் தெரிந்தது கோயில் விசேஷத்தில். பிராகாரத்துக்குள் பந்தோபஸ்து, பூட்ஸோடு போக முடியாது. வெறுங்காலோடு நின்றவரின் சுண்டுவிரல்களை அதிகாரி பார்த்துவிட்டார். "என்ன ஏட்டு இது?" என்று கேட்டாராம். "வேண்டுதல் சார்" என்றாராம் இவர். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் எந்த மேலதிகாரியும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார். அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாராம்.

அடுத்த வருட சாரலில், வீடு திரும்பியவர்களைப் பார்த்து வரும் வேலையாக வாசுதேவநல்லூர் போனேன். வாசலில் சிமெண்டுச் சாய்தளம் போட்டிருந்தார்கள். மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் எழும்பியிருந்தது. உலகம்மாள் நாற்காலியில் இருந்தபடி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காலை முழங்காலிலிருந்து விரல் வரை தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குளிரும் நாட்களில் என்னென்ன செய்கிறாள் என்று கேட்டேன், ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னாள்.

அந்த நேரத்தில் அருவி டியூட்டி முடிந்து ஏட்டையா வந்தார். நொண்டிக்கொண்டே வந்தார்.

"காலுக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"பூட்சக் கழட்டுங்க. இங்கன நீட்டுங்க காலை."

அவர் என்னைப் பார்த்துக் கூச்சப்பட்டார். அவள் விடவில்லை. எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, அவர் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஈர பூட்ஸில் மெட்டி உரசி உரசி சுண்டுவிரல் ஓரம் பிய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. எத்தனை நாளாக இப்படி நடந்தாரோ. வலிக்கிறது என்று சொல்ல வாய் இருந்தும் அவர் சொல்லவில்லை.

உலகம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் தரச் சொன்னாள், விரலில் தடவி, மெட்டியை மெல்லச் சுழற்றி வெளியே எடுத்தாள். மற்ற காலிலும் எடுத்தாள். இரண்டையும் முறத்தில் உளுந்தோடு உளுந்தாகப் போட்டாள்.

"கழட்டிட்டியே" என்றார் ஏட்டையா. "இனிமே நான் ஓடிப்போயிட்டா?"

"இந்தக் காலோடயா? எங்க, ஓடுங்க பாப்போம்."

அப்புறம்தான் அந்தப் பாதம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. ஐயோ என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் துடைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். ஊதினாள், மறுபடி தேய்த்தாள். அத்தனை பேர் அவள் காலைச் சூடாக்கப் போராடியிருக்கிறோம், இதமாக இருக்கிறதா என்ற ஒருவர் கேள்விக்கும் அவளால் பதில் சொல்ல முடிந்ததில்லை. என் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் நிமிர்ந்து, "சூடு தெரியுதா?" என்று கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க."

"தெரியுது" என்றார்.